டொரன்டோவில் ஆன்டெனா வழியே எச்டி தொலைக்காட்சி: நெட்வொர்க் ட்யூனர் பொருத்தும் முறை

கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு ஆன்டெனாவுக்கு மாறலாமா என்ற கேள்வி டொரன்டோ வட்டாரத்தில் அடிக்கடி வருகிறது. மாறலாம், நன்றாகவே மாறலாம். சிஎன் கோபுரத்திலிருந்து சிபிசி, சிடிவி, சிட்டி டிவி, குளோபல், ஆம்னி, டிவிஓ எல்லாம் காற்றில் இலவசமாக வருகின்றன. ஆன்டெனா உயரமாகவும் தெற்கே திறந்த வெளியாகவும் இருந்தால் ஒன்டாரியோ ஏரியைத் தாண்டி பஃபலோவிலிருந்து என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் ஆகியவையும் சேரும். மாதக் கட்டணம் கிடையாது. கேபிளில் அதே சேனலை மறுபடியும் சுருக்கித் தருவது உண்டு. ஆன்டெனாவில் நிலையம் அனுப்பும் அலை அப்படியே வருவதால், பல நேரம் இதுதான் தெளிவான படம்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் கனடிய சேனலும் அமெரிக்க சேனலும் ஒளிபரப்பினால், கேபிளில் அமெரிக்க சேனலின் இடத்தில் கனடிய சேனலின் ஒளிபரப்பையே விளம்பரங்களோடு போட்டுவிடுவார்கள். சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆன்டெனாவில் பஃபலோ பஃபலோவாகவே வரும்.

ஆனால் இதில் பணத்தை வீணடிப்பது சுலபம். அநேகமாக எல்லாரும் முதலில் விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டு, கடைசியில்தான் ஆன்டெனாவை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் கோபுரங்கள் எங்கே என்று பார்க்க வேண்டும், அடுத்து ஆன்டெனா, பிறகு கேபிள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ட்யூனர், அதாவது ஆன்டெனா பிடித்த அலையிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் கருவி. ஆன்டெனா பிடிக்காத சேனலை எந்த ட்யூனராலும் காட்ட முடியாது.

ட்யூனர் தேவையா?

உங்கள் தொலைக்காட்சி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இங்கே வாங்கியது என்றால் பெரும்பாலும் அதற்குள்ளேயே ட்யூனர் இருக்கும். பின்பக்கம் திருகு மரை போட்ட வட்டமான ஆன்டெனா துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு தொலைக்காட்சி, பதிவு செய்யும் எண்ணம் இல்லை என்றால் ஆன்டெனா கேபிளை அதில் செருகினால் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

தனி ட்யூனர் யாருக்கு வேண்டும்? புரொஜெக்டரிலோ கம்ப்யூட்டர் மானிட்டரிலோ பார்ப்பவர்களுக்கு. பதிவு செய்ய விரும்புபவர்களுக்கு. முக்கியமாக, ஒரு ஆன்டெனாவை வைத்து வீட்டிலுள்ள மூன்று நான்கு திரைகளிலும் பார்க்க நினைப்பவர்களுக்கு. இவர்களுக்கு ஏற்றது நெட்வொர்க் ட்யூனர். சிலிக்கன்டஸ்ட் நிறுவனத்தின் எச்டிஹோம்ரன் இந்த வகையில் பரவலாகப் புழங்குகிறது. கைக்கு அடக்கமான சிறு பெட்டி, ஒரு பக்கம் ஆன்டெனா கேபிள், மறுபக்கம் ரவுட்டருக்குப் போகும் ஈதர்நெட் கேபிள். பெட்டி வாங்கும் சிக்னல் வீட்டு நெட்வொர்க் வழியாக டிவி, போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். இரண்டு ட்யூனர் உள்ள மாடலில் ஒரே நேரத்தில் இரண்டு சேனல், நான்கு உள்ளதில் நான்கு. ஒருவர் செய்தி பார்க்க, இன்னொன்று பதிவாகிக்கொண்டிருக்க, இரண்டே போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான்கு நல்லது.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். வட அமெரிக்காவின் ஒளிபரப்பு முறைக்கு ஏடிஎஸ்சி என்று பெயர். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி குச்சிகளும் பெட்டிகளும் பல டிவிபி-டி2 வகை, அது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பயன்படுவது. அந்தப் பெட்டி டொரன்டோவில் ஒரு சேனலைக்கூடப் பிடிக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சியின் உள் ட்யூனரும் அப்படியே.

ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய முறை அமெரிக்காவில் 2017 முதல் அனுமதிக்கப்பட்டு, பல நகரங்களில் நடைமுறையில் இருக்கிறது. அங்கேயும் சில நிலையங்கள் அதைப் பூட்டுப் போட்டு அனுப்புகின்றன, ட்யூனர் வைத்திருந்தும் பார்க்க முடியாத நிலை. டொரன்டோவில் நீங்கள் பார்க்கப்போவது ஏடிஎஸ்சி 1.0. புதிய முறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க இப்போது காரணம் இல்லை.

முதல் வேலை: கோபுரங்கள் எந்தத் திசையில்?

ராபிட்இயர்ஸ் என்ற இணையதளத்தில் சிக்னல் தேடும் வரைபடம் இருக்கிறது. உங்கள் முகவரியையும் ஆன்டெனா வைக்கப்போகும் உயரத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு வலிமை என்று பட்டியல் தரும். கனடிய நிலையங்களும் அதில் உண்டு. உயரத்தை 10 அடி, 30 அடி என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். பஃபலோ நிலையங்களின் எண்கள் எப்படித் தாவுகின்றன என்று தெரியும், கூரைமேல் ஏறுவது வீண் வேலையா இல்லையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்காபரோவின் நடுப்பகுதியில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சிஎன் கோபுரம் தென்மேற்கே, சுமார் 18 கிலோமீட்டரில், வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் ஏறத்தாழ 218 பாகையில் இருக்கிறது. பிபிஎஸ், ஃபாக்ஸ் நிலையங்களின் கோபுரங்கள் உள்ள கிராண்ட் ஐலண்ட் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர், ஏறத்தாழ 162 பாகை. சிபிஎஸ், ஏபிசி கோபுரங்கள் பஃபலோவுக்குத் தெற்கே உள்ள கோல்டன் மலைப்பகுதியில், ஏறத்தாழ 130 கிலோமீட்டரில். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் எந்த ஆன்டெனா வாங்குவது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண்கள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். திரையில் தெரியும் எண் வேறு, உண்மையில் அலை வரும் எண் வேறு. சிபிசி திரையில் 5.1 என்று வரும். அலை வருவதோ 20ஆம் சேனலில், 506 முதல் 512 மெகாஹெர்ட்ஸுக்குள். ஆன்டெனா வாங்கும்போது இந்த இரண்டாவது எண்தான் கணக்கு. 2 முதல் 13 வரை விஎச்எஃப் என்ற அலைப்பட்டை, 14 முதல் 36 வரை யூஎச்எஃப். டொரன்டோவில் பெரும்பாலானவை யூஎச்எஃப், ஆனால் 9.1 என்று வரும் சிடிவி விஎச்எஃபில் வருகிறது. எல்லாச் சேனலும் வந்து சிடிவி மட்டும் வராத வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்: வாங்கிய ஆன்டெனா யூஎச்எஃபுக்கு மட்டும் செய்தது.

ஆன்டெனா

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடலாம். டிஜிட்டல் ஆன்டெனா, எச்டி ஆன்டெனா என்று தனியாக எதுவும் கிடையாது. 2011 ஆகஸ்ட் 31 அன்று இங்கே பெருநகரங்களில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதற்கு முன்பு கூரையில் வைத்த ஆன்டெனா துருப்பிடிக்காமல், முனைகள் முறியாமல் இருந்தால் இன்றும் வேலை செய்யும். அதேபோல் அட்டைப்பெட்டியில் 200 மைல், 300 மைல் என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். பூமி வளைந்திருக்கிறது. நல்ல ஆன்டெனாவைக் கூரைமேல் வைத்தாலும் சாதாரண நாளில் 100, 110 கிலோமீட்டருக்கு மேல் உறுதி சொல்ல முடியாது. ஏரியும் மலைமேல் நிற்கும் கோபுரங்களும் சேர்வதால்தான் கோல்டன் நிலையங்கள் இங்கே எட்டுகின்றன.

சிஎன் கோபுரச் சேனல்கள் மட்டும் போதும், ஜன்னல் தென்மேற்கு நோக்கியிருக்கிறது என்றால் சுவரில் ஒட்டும் தட்டை ஆன்டெனாவோ, இரண்டு கம்பி நீட்டிய பழைய முயல்காது ஆன்டெனாவோ போதும். முயல்காது மலிவு என்பதால் ஒதுக்க வேண்டாம். விஎச்எஃபில் அது தட்டையை விட மேல். ஒவ்வொரு கம்பியையும் சுமார் 38 சென்டிமீட்டருக்கு இழுத்து, இரண்டையும் கிடையாகப் படுக்க வையுங்கள். 7 முதல் 13 வரையுள்ள சேனல்களுக்கு அதுதான் சரியான நீளம். முழுவதும் இழுத்து வி வடிவில் நிறுத்துவது படத்துக்கு அழகாக இருக்கும், சிக்னலுக்கு உதவாது.

பஃபலோவும் வேண்டும் என்றால் வெளியே, உயரத்தில், நான்கு வண்ணத்துப்பூச்சிகளை மேலும் கீழுமாக அடுக்கியதுபோல் இருக்கும் போ-டை வகை வாங்குங்கள். ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் வீடுகளுக்கு நான்கு அடுக்கு பொருத்தம். எட்டு அடுக்கு இன்னும் தூரம் பிடிக்கும், ஆனால் அதன் பார்வை குறுகலானது, சற்றே திரும்பினாலும் தவறவிடும், காற்றுக்கும் அதிகம் ஆடும். விஎச்எஃபுக்குத் தனி நீளக்கம்பி சேர்த்த மாடலா என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது

எதிரிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினியச் சுவர்த்தகடு, வெளிச்சுவர் பூச்சுக்குள் இருக்கும் கம்பிவலை, அட்டிக்கில் பளபளக்கும் ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷன், வெப்பம் கடத்தாமலிருக்க உலோகப் பூச்சு பூசிய புதுவகை ஜன்னல் கண்ணாடி. இவற்றுக்குப் பின்னால் வைத்த ஆன்டெனா பாத்திரத்துக்குள் வைத்த போன்தான். அட்டிக்கில் ஃபாயிலும் உலோகக் கூரையும் இல்லையென்றால் அது நல்ல இடம். கூரைமேல் வைப்பதைவிடக் கொஞ்சம் சிக்னல் குறையும், ஆனால் பனியும் காற்றும் மின்னலும் தொடாது.

மரங்களை மறக்க வேண்டாம். மார்ச்சில் இலை இல்லாத மேப்பிள் வழியே அருமையாக வந்த சேனல், ஜூனில் ஈரமான இலைக்கூட்டத்துக்குப் பின்னால் காணாமல் போகும். குளிர்காலத்தில் பொருத்துபவர்கள் தெற்கே உள்ள மரங்களைப் பார்த்து, அவற்றைத் தவிர்க்கும் இடமாகவே தேர்ந்தெடுங்கள்.

திசைக்கு இரு குறிப்புகள். இணையதளம் தரும் பாகை பெரும்பாலும் உண்மை வடக்கிலிருந்து. டொரன்டோவில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 10 பாகை மேற்கே விலகி நிற்கும். ஆகவே 162 என்று பட்டியல் சொன்னால், கையிலுள்ள காந்த ஊசியில் 172 பார்த்துத் திருப்ப வேண்டும். போனில் உண்மை வடக்கு என்ற அமைப்பு இருந்தால் கூட்டல் தேவையில்லை, ஆனால் இரும்புக் கம்பத்தின் அருகே போன் பொய் சொல்லும், பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

இரண்டாவது, ஆன்டெனாவைப் பஃபலோ பக்கமே திருப்புங்கள். சிஎன் கோபுரம் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பலமாக இருப்பதால், 55 பாகை விலகியிருந்தாலும் பக்கவாட்டில் நுழைந்துவிடும். பலவீனமான சிக்னலுக்குத்தான் ஆன்டெனாவின் முகம் தேவை. இரண்டுக்கும் நடுவே நிறுத்தினால் இரண்டும் அரைகுறையாகும்.

ரூபவாகினிக்காகவோ தூர்தர்ஷனுக்காகவோ மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவர்கள் வீட்டில் இருந்தால், ஒன்றை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது ஒருவர் மேலே திருப்ப, கீழே ஒருவர் “இன்னும் கொஞ்சம், கொஞ்சம், ஆங், நிறுத்து” என்று கத்துவார். புள்ளிமழை மெல்லக் குறைந்து படம் தெளியும். டிஜிட்டலில் அந்த மெல்ல என்பது இல்லை. சிக்னல் தேவையான அளவுக்கு மேல் இருக்கும்வரை படம் பளிங்கு, சற்று இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பாகும். திருப்பிய பிறகு ட்யூனர் மறுபடி பிடிக்கச் சில நொடிகளும் ஆகும். ஆகவே ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருந்து, படத்தைப் பார்க்காமல் ட்யூனர் காட்டும் எண்ணைப் பாருங்கள். அந்த எண்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் வைக்கும் முன் கட்டட நிர்வாகத்தின் விதியைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களுக்கு இந்த விஷயத்தில் பாதுகாப்பு உண்டு. தாங்கள் மட்டும் பயன்படுத்தும் பால்கனியிலோ முற்றத்திலோ ஆன்டெனா வைப்பதை யாரும் தடுக்கக்கூடாது என்று 1996 முதல் அங்கே கூட்டாட்சி விதியே இருக்கிறது, 1999 முதல் வாடகைக்காரர்களுக்கும் அது பொருந்தும். அந்த விதி கனடாவுக்குப் பொருந்தாது.

கேபிளும் கனெக்டரும்

ஆர்ஜி-6 என்று உறையில் அச்சிட்ட 75 ஓம் கோஆக்ஸ் கேபிள், வெளியே போடுவதற்கு வெயில் தாங்கும் வகை. மெல்லிய பழைய ஆர்ஜி-59 வேண்டாம். 30 மீட்டர் ஆர்ஜி-6, யூஎச்எஃபில் சுமார் 5 டெசிபெல் (சிக்னலின் கூடுதல் குறைவை அளக்கும் அலகு) தின்றுவிடும், 15 மீட்டர் அதில் பாதி. ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் 3.5 டெசிபெல், நான்குவழி 7. இந்தக் கணக்கைப் பார்த்தாலே நெட்வொர்க் ட்யூனரின் நன்மை புரியும்: ஆன்டெனாவிலிருந்து ஒரே கேபிள், ஒரே பெட்டி, வழியில் ஸ்ப்ளிட்டரே இல்லை. நான்கு திரைக்குப் பிரித்துக் கொடுப்பது நெட்வொர்க்கின் வேலை, அதில் சிக்னல் குறைவது கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே கேபிள் நிறுவனம் போட்ட கோஆக்ஸ் சுவருக்குள் ஓடினால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் வெளியே உள்ள பெட்டியில் தெருவிலிருந்து வரும் கேபிளை முழுவதும் கழற்றிவிட வேண்டும். இரண்டு சிக்னலும் ஒரே கம்பியில் கலந்தால் எதுவும் வராது. இணையம் அதே கோஆக்ஸில் வருகிறது என்றால் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள், ஆன்டெனாவுக்குத் தனிக்கம்பி போடுங்கள்.

முனையில் கனெக்டர் போடுவதுதான் சிறிய வேலை, ஆனால் வரும் கோளாறுகளில் கணிசமானவை அங்கேதான் பிறக்கின்றன. உறையை அரை அங்குலம் உரியுங்கள். உள்ளே மெல்லிய கம்பிப் பின்னல் தெரியும், அதை உறைமேல் பின்னோக்கி மடித்துவிடுங்கள். அடியில் வெள்ளை நுரை, அதன்மேல் ஒட்டிய பளபளப்புத் தாள். முனையில் கால் அங்குல வெள்ளையை மட்டும் வெட்டி நடுச்செம்பை வெளியே விடுங்கள். கனெக்டரைத் தள்ளும்போது வெள்ளை நுரை உள்தரையோடு சமமாக வந்து நிற்க வேண்டும், அதைத் தாண்டி நடுக்கம்பி திருகு விளிம்புக்கு மேல் ஒரு எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். இப்போது வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். முடியை விட மெல்லிய பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒற்றை இழையே மொத்த சிக்னலையும் கொன்றுவிடும். பிறகுதான் கம்ப்ரஷன் கருவியால் அழுத்த வேண்டும். கையால் திருகிப் போடும் வகையும் குறட்டால் நசுக்கும் வகையும் ஒரு குளிர்காலம் தாங்காது.

வெளியே உள்ள இணைப்புக்கு ரப்பர் மூடி போட்டுச் சுயமாக ஒட்டும் டேப்பைச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு தொங்கலாக விடுங்கள், மழைநீர் தொங்கலின் அடியில் சொட்டிப் போகும், சுவர்த்துளைக்குள் ஏறாது.

மின்கம்பியின் அருகே மட்டும் போகவே வேண்டாம். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் நட வேண்டும். கூரை ஆன்டெனா என்றால் கம்பத்தையும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வைக்கும் கிரவுண்ட் பிளாக் என்ற உலோக இணைப்பையும் 10 கேஜ் செம்புக் கம்பியால் வீட்டின் பிரதான எர்த்தோடு இணைக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியைத் தரையில் அடித்து, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. மின்னழுத்த வேறுபாடு உங்கள் ட்யூனர் வழியாகத்தான் ஓடும். தெரியாவிட்டால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ட்யூனரை இணைத்து ஸ்கேன் செய்தல்

1. கோஆக்ஸைப் பெட்டியில் விரலால் இறுக்குங்கள், ஈதர்நெட்டை ரவுட்டரில் செருகுங்கள், கடைசியாக மின்சாரம். விளக்கு நிலையாக எரிய ஒரு நிமிடம் விடுங்கள்.

2. கம்ப்யூட்டரில் எச்டிஹோம்ரன் செயலியைத் திறந்தாலோ, உலாவியில் பெட்டியின் ஐபி முகவரியைத் தட்டினாலோ அதன் பக்கம் வரும். முதலில் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் செய்துவிடுங்கள்.

3. சேனல் தேடும் பொத்தானை அழுத்துங்கள். சில நிமிடம் ஆகும். டிவியின் உள் ட்யூனரில் செய்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்: மெனுவில் கேபிளா, ஆன்டெனாவா என்று கேட்கும், கேபிள் என்றே முன்கூட்டி இருக்கும். அதை ஆன்டெனாவுக்கு மாற்றாமல் ஸ்கேன் செய்தால் பூஜ்யம் சேனல் என்று வரும், ஆன்டெனாவில் குற்றமே இருக்காது.

4. ஒரு சேனலை ஓடவிட்டு, பெட்டியின் பக்கத்தில் ட்யூனர் நிலையைத் திறங்கள். மூன்று எண்கள் தெரியும்.

இந்த மூன்று எண்களுக்காகவே நெட்வொர்க் ட்யூனர் வாங்கலாம். முதலாவது சிக்னல் வலிமை: எவ்வளவு வருகிறது. இரண்டாவது சிக்னல் தரம்: வருவதில் இரைச்சல் போக உருப்படியானது எவ்வளவு. மூன்றாவது சிம்பல் தரம்: பிழை திருத்திய பிறகு எத்தனை சதவீதம் சரியாக வந்தது. மூன்றாவது எப்போதும் 100 ஆக நிற்க வேண்டும். 100, 100, 87, 100 என்று ஊசலாடினால் அந்த 87 வரும் கணத்தில்தான் படம் கட்டமாக உடைகிறது. இரண்டாவது எண் 60, 70க்கு மேல் இருந்தால் மழை, காற்று வந்தாலும் தாங்கும். 50 பக்கத்தில் இருந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். முதல் எண்ணைப் பெரிதாக்குவதிலேயே குறியாக இருக்க வேண்டாம். வலிமை 100 வந்தும் தரம் 45 என்றால் அந்த வீட்டில் வேறு நோய்.

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டே ஆன்டெனா அருகில் நின்று திருப்பலாம். கீழே நின்று கத்த ஆள் தேவையில்லை.

எது கெட்டால் எது காரணம்

வலிமை குறைவு, தரமும் குறைவு: இடமோ உயரமோ திசையோ போதவில்லை. வேறெதையும் வாங்கும் முன் ஆன்டெனாவை நகர்த்துங்கள். இரண்டடி பக்கவாட்டில் நகர்த்தினாலே மாறக்கூடும், வீட்டுக்குள் இன்னும் அதிகமாக மாறும்.

வலிமை அதிகம், தரம் குறைவு: ஒன்று பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் நேர் அலையும் மோதுகின்றன, அல்லது சிக்னலைப் பெருக்கப் போட்ட பூஸ்டர் திணறுகிறது. முதலாவதற்கு ஆன்டெனாவை நகர்த்தித் திருப்புவதுதான் மருந்து. இரண்டாவதற்குப் பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பூஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பூஸ்டர் காற்றிலிருந்து சிக்னலை இழுத்துவராது. ஆன்டெனா பிடித்ததைக் கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் இழக்காமல் காக்கும், அவ்வளவே. அதோடு தன் இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். அதனால் அது ஆன்டெனாவை ஒட்டிக் கம்பத்தின் மேல் இருக்க வேண்டும். கேபிள் வந்து முடியும் இடத்தில், டிவிக்குப் பின்னால் வைத்தால் ஏற்கெனவே கெட்டதைத்தான் பெரிதாக்கும். 15 மீட்டர் கேபிளும் நான்குவழி ஸ்ப்ளிட்டரும் சேர்ந்து 9 டெசிபெலுக்கு மேல் தின்கின்றன என்றால் பூஸ்டர் நியாயம். பத்து மீட்டர் கேபிளில் ஒரே நெட்வொர்க் ட்யூனர் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. சிஎன் கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் அதிக பெருக்கம் உள்ள பூஸ்டரைப் போட்டால், கோபுரத்தின் பெருஞ்சத்தத்தில் அது மூச்சுத் திணறிப் பஃபலோ மொத்தமும் மறையும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்த பெருக்கம் உள்ளதை எடுங்கள். பூஸ்டருக்கு மின்சாரம் அதே கோஆக்ஸ் வழியே மேலே போகிறது, ஆகவே மின்சாரம் செலுத்தும் சிறு பெட்டிக்கும் பூஸ்டருக்கும் நடுவே சாதாரண ஸ்ப்ளிட்டர் வந்துவிடக் கூடாது. மின்சாரம் போகாத பூஸ்டர் சிக்னலை அடைத்துவிடும், பூஸ்டர் இல்லாமல் இருப்பதைவிட அது மோசம்.

யூஎச்எஃப் மேல்முனைச் சேனல்கள் மட்டும் உடைகின்றன, பக்கத்தில் செல்போன் கோபுரம் இருக்கிறது: முன்பு 38 முதல் 51 வரை இருந்த டிவி சேனல்களின் இடத்தில்தான் இப்போது செல்போன் அலைகள் ஓடுகின்றன. 608 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் எல்டிஇ ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவே போடுங்கள்.

சிடிவி மட்டும் மாலையில் உடைகிறது: விளக்குப் போடும் நேரம். மலிவான எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் விஎச்எஃபில் இரைச்சல் கக்கும். ஒவ்வொரு அறையாக பிரேக்கரை இறக்கிக்கொண்டே இரண்டாவது எண்ணைப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

கோடைக் காலையில் பஃபலோ திடீரென்று போய், எங்கோ தொலைதூரச் சேனல் வருகிறது: ஏரிக்கு மேல் காற்றுப் படலங்கள் அலையை வளைத்துத் தொலைவிலிருந்து கொண்டுவருகின்றன, அதே அலைவரிசையில் இருக்கும் இரண்டு நிலையங்கள் மோதுகின்றன. வெயில் ஏறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்று ஆன்டெனாவைத் தொடாதீர்கள், திருப்பினால் நல்ல திசையும் போய்விடும்.

மூன்று எண்களும் நன்றாக இருக்கின்றன, ஆனால் படம் நின்று நின்று வருகிறது: சிக்னல் குற்றமற்றது, வைஃபைதான் காரணம். ஒரு நிலையம் ஒரு அலைவரிசையில் அனுப்பக்கூடியது நொடிக்கு 19.39 மெகாபிட், அதில் எச்டி சேனலுக்கே பெரும்பங்கு. இதை ட்யூனர் சுருக்காமல் அப்படியே தருகிறது. இணையப் படங்களைப்போல் வேகம் குறைந்தால் தரத்தைக் குறைத்துக்கொள்ளாது, நின்றுவிடும். ட்யூனர் எப்போதும் கம்பியில் இருக்கட்டும், பெரிய திரைக்கும் முடிந்தால் கம்பி போடுங்கள்.

ஆடும் பந்தின் ஓரத்தில், ஓடும் ஆளின் தோளில் சீப்புப் பற்கள்போல் கிடைக்கோடுகள் தெரிகின்றன: என்பிசி, சிபிஎஸ் போன்றவை 1080ஐ முறையில் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறி அனுப்புகின்றன. விஎல்சி போன்ற செயலியில் டீஇன்டர்லேஸ் அமைப்பைத் திறந்துவிட்டால் மறையும். ஏபிசியும் ஃபாக்ஸும் எல்லா வரிகளையும் ஒன்றாக அனுப்பும் 720பி, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

பதிவு செய்தல்

எச்டிஹோம்ரன் செயலி, ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் மூன்றும் இந்தப் பெட்டியோடு பேசும். முதல் இரண்டிலும் பதிவு வசதிக்குச் சந்தா உண்டு. ஜெல்லிஃபின் இலவசம், ஆனால் நிகழ்ச்சி அட்டவணையை நீங்களே தேடி இணைக்க வேண்டும், முதல் வாரம் பொறுமை வேண்டும். இடத்தைக் கணக்கிட ஒரு மணி நேர எச்டிக்கு 5 முதல் 7 ஜிகாபைட் வைத்துக்கொள்ளுங்கள், அலைவரிசை முழுவதும் ஒரே சேனல் என்றால் கிட்டத்தட்ட 8.7 வரை போகும். 1 டெராபைட் டிஸ்கில் 140 மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். விளையாட்டுக்குப் பதிவு நேரத்தை முடிவில் அரை மணி நீட்டி வையுங்கள், அட்டவணைப்படி ஆட்டங்கள் முடிவதில்லை.

நிலையங்கள் அவ்வப்போது அலைவரிசை மாறும், புதிய துணைச் சேனல்களும் சேரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறு ஸ்கேன் செய்யுங்கள். தெரிந்த சேனல் ஒன்று மட்டும் ஒரே நாளில் காணாமல் போய், மற்றவை பழையபடி இருந்தால் ஏணியைத் தேடும் முன் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். டிவியின் உள் ட்யூனரில் பழைய பட்டியல் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் கோஆக்ஸைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் ஓட்டுங்கள், பட்டியல் காலியாகும். பிறகு செருகி இன்னொரு முறை.